முன்பலகைக்காரர்

லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வியப்பு முதல் மாதத்தோடு தீர்ந்துவிடும். இரும்போ சிமெண்டோ வெங்காயமோ உடைந்த கண்ணாடியோ, எது ஏறி வந்தாலும் அவர்களுக்கு அது வெறும் எண். எண்ணைப் படிப்பார்கள், சீட்டைக் கிழிப்பார்கள், அடுத்த வண்டி. கொட்டாவி விட்டுக்கொண்டே செய்யக்கூடிய வேலை. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

நம் ஆள் மட்டும் விதிவிலக்கு. வண்டி மேடையில் ஏறி எண் நின்றதும், "அடேயப்பா!" என்பார். காலையில் முதல் வண்டிக்குச் சொல்வதும் சாயங்காலம் கடைசி வண்டிக்குச் சொல்வதும் ஒரே சுருதியில் இருக்கும். காலி வண்டி ஏறினால்கூட, "அடேயப்பா, உள்ள ஒண்ணுமே இல்லாம இவ்வளவு கனமா!" என்பார். அதனால் ஓட்டுநர்கள் அவருக்கு அடேயப்பா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் அது கிண்டலாகத்தான் இருந்தது. பிறகு எதிர்ச்சாரியில் பளபளவென்று ஒரு புது மேடை வந்தது. அங்கே வரிசையே கிடையாது. ஆனாலும் பாதி வண்டிகள் இவருடைய பழைய மேடைக்கே வந்து, வெயிலில் வரிசை கட்டி நின்றன. இத்தனை தூரம் சுமந்து வந்ததைப் பார்த்து ஒருத்தராவது வாயைப் பிளக்க வேண்டாமா?

அவரும் லேசான ஆள் அல்ல. கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், முதலில் அவரை உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் சுற்றிக் கூண்டு கட்டினார்களோ என்று தோன்றும்.

அவர் மனைவி தையல்காரம்மா. புதுத் துணி தைப்பதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, அவ்வளவுதான். இரண்டு மெஷின், ஒரு முக்காலி, திரைக்குப் பின்னால் உயரக் கண்ணாடி. பிரித்துவிடச் சொல்லி வருகிறவர்கள் பையை மறைத்துக்கொண்டு நுழைவார்கள். பிடித்துத் தைக்க வருகிறவர்கள் தெருமுனையிலிருந்தே அறிவித்துக்கொண்டு வருவார்கள். இரண்டு வகையினரிடமும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. வாய் நிறைய குண்டூசி இருக்கும். முகத்திலும் ஒரு கோடு அசையாது. அந்தத் தொழிலுக்கு அப்படிப்பட்ட முகம்தான் லாபம். "இப்படிக் கூடவா பெருப்பீங்க" என்று ஒரு புருவம் தூக்கினால் போதும், வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

அந்த முகம் அவிழ்வது வாரத்தில் ஒரே ஒரு மத்தியானம், கடையும் மேடையும் மூடியிருக்கும் நாளில், படகில்.

படகு அவள் அப்பாவுடையது. அவர் போனபோது படகு இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை தம்பிக்கு வந்தது, படகு இவளுக்கு வந்தது. சின்ன ஃபைபர் படகு. பின்னால் இயந்திரம், பக்கத்தில் அதை ஓட்டுகிறவள். ஆகவே பின்புறம் கனம். முன்னால் யாரும் இல்லாவிட்டால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பும். அதனால் கல்யாணத்துக்கு முன்பு அவள் துறைமுகச் சுவரை விட்டு அதிகம் விலகிப் போனதில்லை. மத்தியானக் காற்றில், மீன் கிடைக்கிற கரும்பாறை வரிசை வரைக்கும் போக அவளுக்கு முன்பலகையில் ஒரு பாரம் தேவைப்பட்டது. பெண் பார்க்க வந்தவர் வாசல் நிலையில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைந்ததைக் கண்டு அவள் உடனே சம்மதித்துவிட்டதாகத் தம்பி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவள் அதை மறுத்ததில்லை.

அடேயப்பாவுக்கு மீன்பிடிக்கத் தெரியாது. அவள் கணவாய்த் துண்டைத் தூண்டில் முள்ளில் கோக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூண்டில் கம்பைத் தொடவே மாட்டார். அவர் வேலை முன்பலகையில் உட்காருவது. அதில் உட்காருகிறவர் முன்னால் பார்த்து உட்கார வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாளே அவர் அவளைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். புது மாப்பிள்ளை, வேறு எதைப் பார்ப்பார்? அப்படியே பழகிவிட்டது. இத்தனை வருஷமாக, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கடலுக்குப் போய் வந்திருக்கிறார் மனிதர்.

ஆகவே கடலை அவர் நேரில் பார்த்தது குறைவு. அவள் முகத்தில்தான் பார்த்தார். கண் இடுங்கினால் எதிரே காற்று வருகிறது. தாடை இறுகினால் பாறை. கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டால் இரையை ஏதோ மோந்து பார்க்கிறது. உதடு வெளியே வந்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மீன் மாட்டினால் மட்டும் அந்த முகத்தைச் சொல்லி மாளாது. மறைத்து வைத்த ஒரு வாரம் மொத்தமும் அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும். அவள் மீனைத் தூக்கிக் காட்டுவாள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அவர் "அடேயப்பா!" என்பார். மீனுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு டாக்டர் புகுந்தார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "இவர் இப்படியே இருந்தா இவர் இருக்க மாட்டார்மா." தையல்காரம்மா தலையாட்டினாள். மறுநாளிலிருந்து வீட்டில் வெள்ளரிக்காய் ஆட்சி. சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போய்விட்டது, சாவி இடுப்புக்குப் போய்விட்டது. டீக்கடையில் ஒரு பன்கூட அவர் திருட்டுத்தனமாகத் தின்ன முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அளவு நாடா இடுப்பைச் சுற்றும். நாடாவிடம் யார் பொய் சொல்வது?

அவர் இளைத்தார். அவள் கால்சட்டைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தாள். தைக்கத் தைக்கப் பின்பக்கப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, கடைசியில் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டன. மிதவைச் சட்டையைக்கூட அவள் விடவில்லை. அதையும் பிடித்துத் தைத்தாள். டாக்டர் மகிழ்ந்தார், மனைவி மகிழ்ந்தாள், ஓட்டுநர்கள் கை கொடுத்தார்கள். கடைசி வண்டி போனபின் அவரே ஒருநாள் எடை மேடையில் ஏறி நின்று, கூண்டுக்குள் இருந்த எண்ணை எட்டிப் பார்த்தார். லாரிக்கான மேடை, சில்லறை காட்டாது. அதற்கே தெரிகிற அளவுக்கு எண் இறங்கியிருந்தது. அந்த மேடையில் ஓர் எண்ணுக்கு அவர் வாயைத் திறக்காமல் இறங்கியது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் அதற்குள் படகு மூக்கைத் தூக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு வாரமாகக் கரும்பாறைக்குப் போகிற வழியில் மூக்கு இடம் வலமாக அலைந்தது. அவள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினாள். அவர் பலகையின் நுனி வரை நகர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். மூச்சுக்கு எடை போதவில்லை.

ஒரு சாயங்காலம் கடைக்கு டீ வாங்கிக்கொண்டு போனார். உள்ளே முக்காலியில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். திரைக்கு இந்தப் பக்கமே அவர் நின்றுவிட்டார்.

"ஒரு மணல் மூட்டை போதும்க்கா," என்றான் மெக்கானிக். "மாமா உக்கார்ற எடத்துல வச்சிரு. சாப்பாடு கேக்காது, வாந்தி எடுக்காது, முள்ளைப் பாத்துக் கண்ணை மூடிக்காது."

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "முக்கியமா, திரும்பி வர்ற வழியெல்லாம் பஞ்சரான லாரி கதை சொல்லாது."

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டுச் சிரிப்புதான். ஆனால் வெளியே நின்ற ஆளுக்கு டீ ஆறிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. ரத்தமும் சர்க்கரையும் இல்லை, முன்பலகை. அந்தப் பலகையில் அவருக்கு இருந்த ஒரே தகுதி எடை. அதை வெள்ளரிக்காய் தின்றுவிட்டது. இனி என்ன சொல்லி ஏறுவது? எடை பார்க்கிறவருக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். கனம் குறைந்த வண்டியை யாரும் வரிசையில் நிறுத்தி வைப்பதில்லை.

விடுமுறை நாள் மத்தியானம் அவர்கள் துறைக்குப் போனபோது மூட்டை ஏற்கெனவே படகில் இருந்தது. முன்பலகைக்குக் கீழே, கொழுகொழுவென்று, வாய் இறுக்கித் தைக்கப்பட்டு. தையல் அவளுடையது, பார்த்தாலே தெரியும். இரட்டைத் தையல், ஒரே இடைவெளி. அந்த மூட்டையிலிருந்து ஒரு மணல்கூடத் தப்ப முடியாது.

"சும்மா வச்சுப் பாக்கலாம்னு தம்பி சொன்னான்," என்றாள் அவள், இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப நான்?"

"நீங்களும் ஏறுங்க. இன்னிக்கு ரெண்டும் இருக்கட்டும்."

இன்னிக்கு என்ற சொல் அவர் காதில் போய் உட்கார்ந்துகொண்டது.

"எவ்வளவு மாப்ள இருக்கும் இது?" என்று மச்சினனைக் கேட்டார்.

"நீங்க கொறைச்ச அளவுதான் மாமா. பாத்துப் பாத்து அள்ளினேன். உங்க தொப்பைதான் அது, மரியாதையா நடத்துங்க."

அவர் குனிந்து பார்த்தார். தொப்பையைப் பிரிந்து வாழும் மனிதர்கள் உண்டு. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பயணம் போகும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாக்கின் அடிப்பக்கம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. புது மூட்டை அல்ல அது. ஏற்கெனவே ஒருமுறை கடலுக்குப் போய் நனைந்து வந்து காய்ந்த மூட்டை.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பலகையில் ஏறி, வழக்கம்போல் அவளைப் பார்த்து உட்கார்ந்தார். கால்களுக்கு நடுவே மூட்டை இருந்ததால் முழங்கால்களை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

போகும்போது படகு அருமையாகப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூக்கு படிந்து, நேராக. "பாத்தீங்களா, எப்படிப் போகுது!" என்றாள் அவள். "ம்," என்றார் அவர். அவள் மூட்டையைப் பார்த்து ஒரு தடவை சிரித்த மாதிரிகூட அவருக்குத் தோன்றியது. அது அவருடைய கற்பனையாக இருக்கலாம். முன்பலகையில் போட்டி வந்தவனுக்கு எல்லாம் தோன்றும்.

கரும்பாறைகளுக்கு அருகே அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். காற்று அதற்குள் பலத்துவிட்டது. கரையோரத்து மத்தியானக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. முதலில் சட்டைக் காலரைத் தொட்டு விசாரிக்கும். பிறகு தொப்பியைக் கேட்கும். அதன் பிறகு எதையும் கேட்காது. அலைகளின் தலையைச் சீவிச் சீவி எறிந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பாறைப் பக்கம் ஒதுங்கின. மேலே பறவைகள் ஓரிடத்திலேயே நின்று சிறகடித்தன. அவள் கணவாய்த் துண்டைக் கோத்தாள், அவர் கண்ணை மூடித் திறந்தார், அவள் வீசினாள்.

கீழுதடு உள்ளே போனது.

"என்னமோ மோந்து பாக்குது," என்றார் அவர்.

"பேசாதீங்க."

அவர் பேசவில்லை. மூட்டையும் பேசவில்லை.

கம்பு வளைந்தது. அவள் எழுந்து நின்று முழங்காலைப் படகின் ஓரத்தில் ஊன்றினாள். சுருளிலிருந்து தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடியது. முகம் அவிழ ஆரம்பித்தது. "பாரை மீனுங்க! பெரிய பாரை!" என்று கத்தினாள். மீன் காற்றின் திசைக்குக் குறுக்கே ஓட, அதோடு படகும் பக்கவாட்டாகத் திரும்பியது. விலாவில் ஓர் அலை வந்து மோதி உள்ளே தண்ணீரைக் கொட்டியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அப்போது மூட்டை நகர்ந்தது.

இந்த இடத்தில் இவர்கள் இருவரையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. தையல்காரி மூட்டையின் வாயைக் கவனித்தாள், ஆயுளுக்கும் பிரியாத தையல் போட்டாள். எடைக்காரர் மூட்டையின் எடையைக் கவனித்தார். வாழ்நாளெல்லாம், இயந்திரம் அணைந்த லாரியில் அசையாமல் நிற்கிற சரக்கை மட்டுமே பார்த்துப் பழகிய ஆள். மூட்டையைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. துணியறியாத, எடையறியாத எந்த முட்டாளும் முதலில் அதைத்தான் செய்திருப்பான்.

ஈர அடித்தட்டில் மூட்டை வழுக்கிக்கொண்டு போய்த் தாழ்ந்த பக்கத்தில் சாய்ந்தது. தாழ்ந்த பக்கம் இன்னும் தாழ்ந்தது. அடுத்த அலை அழைப்பில்லாமலே உள்ளே வந்தது.

"மூட்டை! மூட்டையைப் புடிங்க!"

அவர் பாய்ந்து பிடித்தார். நனைந்த மணல், இரண்டு மூட்டை கனம் கனத்தது. இழுத்தார், அது வரவில்லை. காலால் உதைத்தார், அது கவலைப்படவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது.

அவள் கம்பை முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டு, உயர்ந்த பக்கத்தில் முழு உடம்பையும் சாய்த்தாள். "தள்ளி விட்டுருங்க!"

"எங்க?"

"கடல்லதான்! வேற எங்க, மச்சுலயா?"

"நெசமாவா சொல்ற?"

"யோவ்!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் தோளை மூட்டைக்கடியில் கொடுத்தார். தூக்க முடியாது என்று தோளே சொன்னது. அப்போதுதான் அந்த மனிதருக்கு வேறொன்று தெரிந்தது. படகு அலையில் ஏறி, உச்சியில் தயங்கி, இறங்கத் தொடங்குகிறபோது, ஒரு கணம், ஒரே கணம், மூட்டை தோளில் பூனைக்குட்டி போல் லேசாகிவிடுகிறது. எத்தனையோ லாரிகளை எடை பார்த்தவர், ஒரு சரக்கு தன் எடையைக் கீழே வைத்துவிட்டு நிற்பதை அன்றுதான் உணர்ந்தார். அடுத்த அலைக்காகக் காத்தார். படகு ஏறியது. தயங்கியது. அவர் தோளை நிமிர்த்தினார்.

மூட்டை படகின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. இரட்டைத் தையலோடு, ஒரு மணல்கூடச் சிந்தாமல், கௌரவமாக முழுகியது.

படகு வெடுக்கென்று நிமிர்ந்தது. அதே வேகத்தில் அவள் முழங்காலுக்கடியில் கம்பு சுண்டியது, நரம்பு படீரென்று அறுந்தது. பாரை போய்விட்டது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு வெளியே வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. மீன் போனதற்கு அந்த முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அது இவரை எடை போட்டுக்கொண்டிருந்தது. கை கால் எல்லாம் இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று.

"அடிபட்டுச்சா?"

"இல்ல. சட்டைதான் கிழிஞ்சுது."

"அது நம்ம டிபார்ட்மெண்ட்டு," என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள்.

இறைத்து முடித்து இயந்திரத்தைக் கிளப்பியதும் பழைய தொல்லை வந்தது. திரும்பிப் போக வேண்டியது காற்றுக்கு எதிரே. மூட்டை இல்லை. மூக்கு வானத்தைப் பார்த்தது, காற்று அதைப் பிடித்துப் பாறைப் பக்கம் திருப்பியது. அவள் நேராக்கினாள். மறுபடியும் திருப்பியது. பாறைகளில் அலை உடையும் சத்தம் முன்னைவிடப் பக்கத்தில் கேட்டது.

"என்னங்க, பலகையில உக்காந்தா பத்தாது. மூக்கு மேலயே போயிருங்க. குப்புறப் படுத்துக்கோங்க. வளையத்தைப் புடிச்சுக்கோங்க."

"குப்புறவா? அப்ப முன்னால பாக்கணுமே!"

"ஆமா. ஒரு தடவை பாருங்க, குடி முழுகிடாது."

அவர் தவழ்ந்து போனார். படகின் மூக்கில் வயிற்றை வைத்து, மீதியிருந்த கனம் மொத்தத்தையும் நுனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, கயிற்று வளையத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு படுத்தார். கன்னத்தோடு கன்னம் வைத்த பைகள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. மூக்கு மெல்ல, முனகிக்கொண்டே, தாழ்ந்தது. படகு நேராக நின்றது.

அவர் தலையைத் தூக்கினார். முதல் தடவையாக, போகிற பக்கம் பார்த்தார்.

இப்படி இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எதிரே ஒரு குன்று வந்துகொண்டிருந்தது. பச்சைக் குன்று, உச்சியில் கண்ணாடி, கண்ணாடிக்குள் வெயில். அது தலைக்கு மேல் விழப்போகிறது என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டபோது, படகுக்கடியில் புகுந்து, அவரை மென்மையாகத் தூக்கி இறக்கிவிட்டுப் பின்னால் போனது. அதற்குப் பின்னால் இன்னொரு குன்று. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை குன்றுகள், எல்லாம் நடந்து வருகின்றன, ஒன்றுக்கும் அவசரமில்லை. காற்று அவற்றின் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டே வருகிறது, தடவிய இடமெல்லாம் நிறம் மாறுகிறது. எந்த மேடையில் ஏற்றி எடை பார்ப்பது இதை? இத்தனை வருஷம் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பஞ்சரான லாரியைப் பற்றிப் பேசியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் மட்டும் தனியாக, வாராவாரம், இதையா பார்த்துக்கொண்டிருந்தாள்? பார்த்துக்கொண்டே அவருடைய கதைக்கு "ம்" வேறு கொட்டிக்கொண்டு?

அப்போது எதிரே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுப்புத் துடுப்பு எழுந்தது.

"சுறா!" என்றார்.

நன்றாகத் தள்ளி இன்னொன்று எழுந்தது. ரெண்டு சுறா என்று நினைத்தார். இரண்டும் ஒன்றாகத் தாழ்ந்தன. ஒன்றாக எழுந்தன. இரண்டு சுறா இவ்வளவு ஒற்றுமையாகப் போக முடியாது. இரண்டுக்கும் நடுவே இருந்த கடல் முழுதும் கறுப்பாக இருந்தது. அது கடல் இல்லை. அதுதான் மீன். அந்த இரண்டும் அதன் சிறகு நுனிகள். ஆனைத்திருக்கை. படகைவிட அகலமாக, ஒரு கூடத்துக்குப் போடும் சமுக்காளத்தைத் தண்ணீருக்கடியில் யாரோ உதறி உதறி விரிப்பது போல, சத்தமே இல்லாமல், நேராக வந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து வைத்திருந்தது. அவருக்கு அது வியந்துபோய் வாய் பிளந்த மாதிரியே தெரிந்தது.

அவர் முகத்துக்கு நேர் கீழே அது வந்தது. ஒரு கண்ணைக் கண்டார். அந்தக் கண் அவரைக் கண்டது. பிறகு அதன் முதுகு படகுக்கடியில் போகத் தொடங்கி, போய்க்கொண்டே, போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க அங்க? என்னது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இவர் வாயைத் திறந்தார். வரவில்லை. வெங்காய லாரிக்கு வந்த சொல், காலி லாரிக்கு வந்த சொல், உள்ளங்கை மீனுக்கு வந்த சொல், எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. தான் பார்த்தது எவ்வளவு பெரிசு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் அவருக்குத் தெரியும். தலையைத் திருப்பி, தோளுக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்தார்.

சரியாக அந்த நேரம் படகின் பக்கவாட்டில், அவர் பார்க்காத திசையில், அது தண்ணீரை விட்டு எழுந்து பாய்ந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். முதலில் அந்த முகத்தின் மேல் ஒரு நிழல் ஏறியது. மேகம் இல்லாத வானத்தில் நிழல். கண்கள் மேலே போயின, இன்னும் மேலே போயின, போக இடமில்லாமல் நின்றன. குண்டூசி வைத்து வைத்து ஒரு பக்கம் கோணிப்போயிருந்த வாய், கோணல் நேராகி, மெல்லத் திறந்தது. புருவம் நெற்றியின் உச்சிக்கே ஏறிவிட்டது. எந்த வாடிக்கையாளருக்கும், எந்தப் பாரைக்கும், அவருக்கேகூட, அவள் அந்த முகத்தைக் காட்டியதில்லை. அதன் கன்னங்களில் தெறித்த தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக மின்னியது. பிறகு பத்து லாரி ஒரே நேரத்தில் பின்கதவைத் திறந்துவிட்டது போல ஒரு சத்தம். படகு ஆடியது. இருவர் மேலும் கடல் கொட்டியது.

"அடேயப்பா!" என்றாள் தையல்காரம்மா.

துறைமுகச் சுவர் தெரிந்தது. காற்று சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. அவர் மூக்கிலிருந்து இறங்கி, நனைந்த கோழி போல் முன்பலகையில் உட்கார்ந்தார், அவளைப் பார்த்து.

"பாத்தீங்களா, எப்படி எந்திரிச்சுது?" என்றாள்.

"பாத்தேன்."

"எங்க பாத்தீங்க? என்னைத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க!"

"அதான் சொல்றேன், பாத்தேன்."

அவள் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, அவரைப் பார்க்காமல், "முன்னாடி ஒரு நாள் காலையில நான் மட்டும் போனேன். மூட்டையோட," என்றாள்.

"தெரியும். சாக்குல உப்பு பூத்திருந்துச்சு."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா நீ உண்மையைச் சொல்லிருவியே."

அவள் சிரித்தாள். "அன்னிக்குக் காத்தே இல்ல. படகு சும்மா எண்ணெயில போற மாதிரி போச்சு. மீனும் கெடச்சுது. இந்தா, இவ்வளவு பெரிய பாரை. தூக்கிப் புடிச்சுக்கிட்டு முன்னால பாக்கறேன், மூட்டை உக்காந்திருக்கு. நானும் கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே நின்னேன். அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. கை வலிச்சுப்போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"இவ்வளவு பெரிசா? விட்டுட்டியா?" அவர் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேயப்பா!"

அந்த மீனுக்குச் சேர வேண்டியது கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டவள் போல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

துறையில் மச்சினன் கயிற்றைப் பிடித்துக் கட்டினான். படகுக்குள் எட்டிப் பார்த்தான். "மூட்டை எங்கக்கா?"

"நீச்சல் கத்துக்கப் போயிருக்கு."

"மீனு?"

"மூட்டைக்குத் துணைக்குப் போயிருக்கு."

"மாமா சட்டை?"

"டேய், இங்க பாரு. பலகைக்கு அடியில ஒரு பெட்டி மாதிரி தட்டுப் போட்டு அடி. ரெண்டு தண்ணிக் கேன் நகராம நிக்கணும், மேல பட்டையும் வேணும். பலகை மேல மட்டும் கை வைக்காத."

"ஏன், பலகை சும்மாதானே கெடக்கு? அதையும் சேத்து எடுத்துட்டு..."

"சும்மா கெடக்கா? கண்ணைத் தொடச்சுட்டுப் பாரு. ஆள் உக்காந்திருக்கு."

ஆள் உண்மையிலேயே உட்கார்ந்துதான் இருந்தார். இறங்க மறந்து, கிழிந்த சட்டையோடு.

அந்தத் திருக்கையைப் பற்றி எடை மேடை வரிசை முழுக்க இன்றைக்குப் பேச்சு. கூண்டுக்கு முன்னால் ஓட்டுநர்கள் வந்து நிற்கிறார்கள். "எவ்வளவு பெரிசு அண்ணே, காட்டுங்க," என்று கேட்கிறார்கள். மீன் கதை சொல்கிற எவனும் இந்த இடத்தில் கைகளை விரிப்பான். கை போதாவிட்டால் கதவைக் காட்டுவான், லாரியைக் காட்டுவான். அடேயப்பா கைகளை மேஜைமீதிருந்து எடுப்பதே இல்லை. முகத்தை மட்டும் மேலே தூக்குகிறார். கண்களை அவை போகிற வரைக்கும் போகவிடுகிறார். வாயை ஒரு பக்கம் கோணி வைத்துக்கொண்டு, பிறகு கோணலை மெல்ல நேராக்கித் திறக்கிறார். அப்படியே கொஞ்ச நேரம் இருக்கிறார்.

இரும்புக் கம்பி ஏற்றி வந்த ஒரு முரட்டு ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த எடைச் சீட்டை மறந்து, "அவ்வளவு பெரிசா!" என்றானாம்.

"அவ்வளவு பெரிசு," என்றார் அவர். "அடுத்த வண்டி, வாங்க."